சருகுக்கு அடியில் ஒரு வம்சம்

(இரத்தினபுரி மாவட்டத் தமிழ்ப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தவர்கள் 'இலங்கையின் அரிய உயிரினங்கள்' என்று பொதுவாகத் தலைப்புக் கொடுத்தார்கள். யானை, சிறுத்தை, நீலத் திமிங்கலம் என்று படம் காட்டிப் பேசினால் கைதட்டல் நிச்சயம். நான் எறும்பைப் பற்றிப் பேசப்போகிறேன். அதுவும் ஒரே ஓர் எறும்பினம். அதன் அறிவியற் பெயர் அனியூரெட்டஸ் சிமோனி. இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் அது உயிரோடு இல்லை. இந்தத் தீவிலும் யாழ்ப்பாணத்தில் தேடினால் கிடைக்காது, திருகோணமலையில் தேடினால் கிடைக்காது. மழை ஓயாத தென்மேற்கு ஈரவலயக் காடுகளில் மட்டுமே இருக்கிறது. அவற்றுள்ளும் உலகத்து எறும்பு ஆய்வாளர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான ஓர் இடம், இங்கிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறும் பாதையில் இருக்கிற கிலிமலே. மாசி, பங்குனியில் மலைக்குப் போகிற நம் சனம் பஸ்ஸில் தாண்டிப் போகிற ஊர்தான்.

இந்த மாவட்டம் மாணிக்கக் கல்லுக்குப் பேர்போனது. கல்லைத் தேடி உலகமே இங்கு வருகிறது. எறும்பைத் தேடியும் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கதை 1892இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் யூஜீன் சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர் இலங்கைக்கு வந்தார். அவர் சிலந்தி ஆராய்ச்சியாளர். எறும்பு அவருடைய துறையே அல்ல. ஆனாலும் கையில் அகப்பட்ட சிற்றுயிர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு போனார். அவற்றில் எறும்புகள் இத்தாலியின் பொலோனாவில் இருந்த கார்லோ எமெரியிடம் போய்ச் சேர்ந்தன. எமெரி 1893இல் இந்த எறும்பை விவரித்து, கொண்டுவந்தவரின் பெயரையே அதற்கு வைத்தார். அதன் உடலமைப்பு அவரைக் குழப்பியிருக்க வேண்டும். டோலிகோடெரினே என்ற கூட்டத்தோடு அதைச் சேர்த்தார், பிறகு அந்தக் கூட்டத்துக்குள்ளேயே தனிப் பிரிவு ஒன்றை அதற்கென ஒதுக்கினார். இங்கே ஒரு கிளைக்கதை சொல்ல ஆசை. 1906இல் எமெரிக்குப் பாரிசவாதம் வந்து உடலின் வலப்பக்கம் விழுந்துபோனது. அந்த மனிதர் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டு, எறும்பு வகைப்பாட்டில் தன் மிகப்பெரிய வேலைகளை அதற்குப் பின்னர்தான் செய்தார். எழுத்துவேலை கூடிவிட்டது என்று அலுத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் இவரை ஒருதரம் நினைத்துக்கொள்ளலாம்.

இந்த டோலிகோடெரினே கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள், பெயர்தான் புதிது. சமையலறையில் சீனிப் போத்தலைச் சுற்றி வருமே, தலை கறுத்து உடல் வெளுத்த பொடி எறும்பு, அது இந்தக் கூட்டந்தான். அது கொட்டாது. கொட்டுவதற்குக் கொடுக்கு இல்லை. இருந்த உறுப்பு தேய்ந்து பெயரளவில் நிற்கிறது. ஆனால் விரலால் நசுக்கிப் பாருங்கள், கெட்டுப்போன தேங்காய் போல ஒரு வாடை வரும். அந்த வாடைதான் அதன் ஆயுதம். வயிற்றின் நுனியில் இருக்கிற சுரப்பிகளிலிருந்து இரசாயனத்தைப் பூசி எதிரியை விரட்டுகிறது. இந்த உபாயம் எவ்வளவு வெற்றி என்றால், இன்று அந்தக் கூட்டத்தில் எழுநூறுக்கு மேற்பட்ட இனங்கள் உலகமெங்கும் பரவிக் கிடக்கின்றன.

நம் கிலிமலே எறும்பு அந்தக் கூட்டத்துக்கு மிக நெருக்கமான உறவு. ஆனால் அதனிடம் கொடுக்கு இன்னும் முழுசாக இருக்கிறது. 1981இல் ஜேம்ஸ் டிரானியெல்லோ, அனுலா ஜயசூரிய என்ற இருவர் இதன் சுரப்பிகளை ஆராய்ந்து எழுதினார்கள். வழி காட்டும் வாசனை வயிற்றின் அடிப்புறச் சுரப்பியிலிருந்து வருகிறது. ஆபத்து என்று கூட்டத்தை எச்சரிக்கும் வாசனை வயிற்றின் மேற்புற நுனிச் சுரப்பியிலிருந்து வருகிறது. சமையலறை எறும்பு எதிரியை விரட்டப் பயன்படுத்துகிற அதே சுரப்பி, இங்கே எச்சரிக்கை மணியாக இருக்கிறது. பழைய கொடுக்கும் புதிய இரசாயனமும் ஒரே உடலில் சேர்ந்து நிற்கின்றன. பரிணாமம் பற்றிப் பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுவதை, இங்கே ஓர் உயிர் நடமாடிக் காட்டுகிறது. உயிரியல் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த மாவட்டத்தில் கிடைக்காது.

எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். வேலைக்கார எறும்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். மெலிந்த உடல், மஞ்சள் நிறம். முதுகின் பின்பகுதியில் இரண்டு கூரிய முட்கள். மார்பையும் வயிற்றையும் இணைக்கிற இடை நீண்டு ஒடுங்கி, பாதி வழியில் ஒரே ஒரு முடிச்சோடு இருக்கும். எறும்பு படித்தவர்கள் கண்ணாடி வில்லையில் முதலில் பார்ப்பது அந்த இடையைத்தான். வேலைக்காரர்களில் இரண்டு சாதி உண்டு. பெரும்பாலானவை சிறியவை, மிகச் சில மட்டும் பெருந்தலைக்காரர். குடி என்று பார்த்தால் சின்னக் குடி, பெரும்பாலும் நூறு பேரைத் தாண்டாது. மண்ணைத் தோண்டிப் புற்றுக் கட்டுவதில்லை. காட்டுத் தரையில் மக்கிப்போன கட்டை, சருகுக்கு நடுவே கிடக்கும் உளுத்த சுள்ளி, அதன் உள்ளே இருக்கும் வெற்றிடம், அவ்வளவுதான் வீடு. இறந்த பூச்சிகளும் சருகுக்குள் திரியும் பொடி உயிர்களும் உணவு. ஒரு சுள்ளியை எடுத்து வெள்ளைத் தட்டின் மேல் வைத்து முறித்தால், வெண்ணிறப் புழுக்களை வாயில் கவ்வியபடி மஞ்சள் எறும்புகள் நாலாபுறமும் ஓடும். அரசியும் அந்தச் சுள்ளிக்குள்தான் இருப்பாள்.

அந்தச் சுள்ளியைத் தேடித்தான் எட்வேர்ட் ஓ. வில்சன் 1955இல் இலங்கைக்கு வந்தார். பின்னாளில் உலகத்தின் மிகப்பெரிய எறும்பு அறிஞர் என்று பெயர் எடுத்த அதே வில்சன். அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். சிறுவயதில் மீன் பிடிக்கும்போது மீனின் முள் குத்தி வலது கண் பார்வை போய்விட்டது. தூரத்துப் பறவையையும் விலங்கையும் கவனிப்பது கடினமாகிப்போக, கைக்கு அருகில் வைத்துப் பார்க்கக்கூடிய பூச்சிகளின் பக்கம் திரும்பியவர். 1955 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் நொத்தோமிர்மீசியா என்ற இன்னொரு பழங்கால எறும்பைத் தேடிப்போய் வெறுங்கையோடு திரும்பினார். அது 1977இல்தான் வேறொரு குழுவுக்குக் கிடைத்தது. நியூகினிக் காடுகளில் அலைந்துவிட்டுக் கப்பலேறி இலங்கைக்கு வந்தபோது அவர் மனதில் இருந்தது நம் எறும்பு.

முதலில் கண்டியில், உடவத்தகலைக் காட்டில் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு இரத்தினபுரிக்கு வந்தார். இங்கே கிடைத்தது. கிலிமலேக் காட்டில் தனித்தனி எறும்புகளுக்குப் பதிலாக முழுக் குடிகளே கையில் அகப்பட்டன. அமெரிக்காவுக்குத் திரும்பியபின், தோமஸ் ஐஸ்னரையும் எறும்புப் புழுக்களில் வல்லவர்களான வீலர் தம்பதியரையும் சேர்த்துக்கொண்டு 1956இல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார். எறும்புகளின் பரிணாமத்தில் இது ஒரு முக்கியமான இணைப்பு என்பது அந்தக் கட்டுரையின் வாதம்.

இணைப்பு என்றதும் நம் பத்திரிகைகள் 'காணாமற்போன கண்ணி' என்று தலைப்புப் போட்டுவிடும். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பின்னாளில் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அனியூரெட்டஸும் சமையலறை எறும்பின் கூட்டமும் உடன்பிறந்த கிளைகள் என்று தெரிந்தது. அப்படியானால் இது அந்தக் கூட்டத்தின் பாட்டி அல்ல, பாட்டியின் தங்கை. பாட்டி காலத்துப் பழக்கங்கள் சிலவற்றை விடாமல் வைத்திருக்கிற தங்கை.

அந்தத் தங்கையின் குடும்பம் ஒருகாலத்தில் எவ்வளவு பெரியது தெரியுமா? ஐரோப்பாவின் பால்டிக் கரையோரத்தில் அம்பர் கிடைக்கிறது. மரப்பிசின் இறுகிக் கல்லானது அது. அதற்குள் அகப்பட்டு இறந்த எறும்புகளை வில்லியம் மோர்ட்டன் வீலர் ஆராய்ந்து 1915இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அனியூரெட்டஸின் உறவினர் இருவகை உண்டு. நான்கு கோடி ஆண்டு அளவுக்குப் பழையவை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் புளோரிசன்ட் பாறைப்படிவில் இன்னொன்று கிடைத்தது. அதை 1930இல் கார்ப்பென்டர் விவரித்தார். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், சகலின் தீவின் அம்பரிலும் இந்தக் குடும்பத்தின் உறுப்பினர் ஒருவர் இருந்தார். மேற்கே அமெரிக்கா, நடுவே ஐரோப்பா, கிழக்கே பசிபிக் கரை. வட உலகத்தைச் சுற்றி வளைத்திருந்த குடும்பம். இன்று மிஞ்சியிருப்பது ஒரே இனம், நம் சப்ரகமுவ மலையடிவாரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஈரக்காடுகளிலும்.

எறும்புகளில் இன்று பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அத்தனையையும் பதினாறு பதினேழு துணைக்குடும்பங்களுக்குள் அடக்குகிறார்கள். அவற்றில் ஒரு துணைக்குடும்பம் முழுவதற்கும் இன்று இந்த ஓர் எறும்புதான் வாரிசு. ஆயிரம் இனங்கள் உள்ள கூட்டத்தில் ஓர் இனம் அழிந்தால் அது இழப்புத்தான். அதன் அண்ணன் தம்பிகளைப் பார்த்தாவது அது எப்படி இருந்தது என்று ஊகிக்கலாம். இது அழிந்தால் ஊகிக்கவும் ஆள் இல்லை. அதன் பிறகு பால்டிக் அம்பரையும் கொலராடோக் கல்லையும்தான் பார்க்க வேண்டும். கல் வாசனை விடாது, வழி காட்டாது. என்னைக் கேட்டால், பாதுகாப்பில் எதற்கு முன்னிடம் என்ற கேள்விக்கு எண்ணிக்கையைவிட இந்தக் கணக்குத்தான் முக்கியம். இன்னும் எத்தனை மிச்சம் என்று மட்டும் கேட்கிறோம். இது போனால் இதனோடு எத்தனை கோடி ஆண்டு வரலாறு போகும் என்றும் கேட்க வேண்டும். சிறுத்தைக்கு வேறு நாடுகளில் உறவினர் உண்டு. இதற்கு இல்லை.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1996இல் இதை 'மிகவும் ஆபத்தான நிலையில் உள்ளது' என்ற வகையில் சேர்த்தது. முப்பது ஆண்டுப் பழைய சான்றிதழ் அது. யானைக்கு இப்படிப் பழைய சான்றிதழை வைத்துக்கொண்டு இருப்போமா?

இதற்கிடையில் நம் நாட்டு ஆய்வாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஜயசூரியவும் டிரானியெல்லோவும் 1985இல் இதன் குடியமைப்பையும் பரவலையும் பற்றி எழுதினார்கள். அதன்பின் களனிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை ஸ்ரீயானி டயஸும் அவருடைய மாணவர்களும் காடு காடாகப் போய்ச் சருகைச் சலித்து இலங்கையின் எறும்புகளைப் பட்டியலிட்டார்கள். இன்று அந்தப் பட்டியலில் முன்னூறுக்கு மேற்பட்டவை உண்டு. அந்தத் தேடலில் அனியூரெட்டஸ் கிலிமலேக்கு வெளியிலும் ஈரவலயத்தின் பல காடுகளில் தென்பட்டது. இது நல்ல செய்தி. ஆனால் இதை வைத்து 'அப்படியானால் பயமில்லை' என்று முடிவுக்கு வருகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பல இடங்களில் இருக்கிறது என்றால், பல சின்னச் சின்னத் துண்டுக் காடுகளில் இருக்கிறது என்று பொருள். இந்தக் காட்டு எறும்பு றப்பர்த் தோட்டத்தையும் தேயிலை மலையையும் தாண்டி அடுத்த துண்டுக்கு நடந்து போய்விடும் என்று எண்ணி நாம் இருந்துவிட முடியாது.

காடு துண்டானது எப்படி என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மலையகத்தில் கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. 1869இல் கோப்பியில் இலைநோய் விழுந்தபின் தேயிலைக்காக வெட்டப்பட்டது. 1876இல் இலங்கைக்கு வந்த றப்பர் நாற்று இந்தத் தாழ்நிலத்துக் காடுகளை விழுங்கியது. கோடரி பிடித்த கைகளில் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கூட்டி வரப்பட்ட நம் முன்னோரின் கைகளும் உண்டு. வெட்டச் சொன்னவரும் இலாபம் பார்த்தவரும் வேறு ஆட்கள். வெட்டியவர்களுக்கு லயத்துக் காம்பராவும் அட்டைக்கடியுந்தான் கிடைத்தன. அந்தக் காலத்தில் அவர்கள் கோடரி போட்ட ஒவ்வொரு சரிவிலும் இந்த எறும்பு இருந்ததா என்பது இனி யாராலும் சொல்ல முடியாத விஷயம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் காடு தப்பவில்லை. 1970களில் சிங்கராஜ வனத்துக்குள் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரங்கள் இறங்கின. மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1977இல் வேலை நிறுத்தப்பட்டது. 1988இல் அதே காடு உலக மரபுரிமைச் சொத்தானது. எதிர்ப்பால் ஒரு காடு பிழைத்த கதை இந்த நாட்டில் உண்டு என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது. ஆனால் சிங்கராஜவுக்கு எழுந்த குரல், ஊர் ஓரத்தில் இருக்கிற நூறு ஏக்கர், இருநூறு ஏக்கர்க் காட்டுக்கு எழுவதில்லை. அங்கே பாதை வெட்டுகிறார்கள், சிறு நீர்மின் திட்டத்துக்குக் குழாய் போடுகிறார்கள், ஓரத்தில் தேயிலை நடுகிறார்கள். விளிம்பில் வெயில் விழுந்தால் சருகு காய்கிறது. உளுத்த சுள்ளிக்குள் ஈரம் போனால் புழுக்கள் வதங்கிச் சாகும். மரம் நின்றுகொண்டிருக்கும், படம் பிடித்தால் காடு பச்சையாகவே தெரியும், தரையில் குடி கலைந்திருக்கும்.

அந்த விளிம்பு வழியாக இன்னொரு ஆபத்தும் நுழையலாம். மஞ்சள் பைத்தியக்கார எறும்பு என்று ஒன்று உண்டு. நெடுங்கால்களோடு தாறுமாறாக ஓடும். கிறிஸ்மஸ் தீவில் அது பெருகிக் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றது. 2022இல் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், கரந்தமலையடிவார ஊர்களில் ஆடுமாடு மேய்க்க முடியாதபடி மக்களை அது படுத்திய செய்தியைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். இலங்கையிலும் அது இருக்கிறது. நூறு பேர் உள்ள குடி, இலட்சக்கணக்கில் வரும் படைக்கு முன்னால் என்ன செய்யும்?

விறகைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த எறும்பு மக்கிய கட்டையில் வாழ்கிறது என்றால், விறகு பொறுக்குவதைத் தடுக்க வேண்டும் என்று சிலர் உடனே சொல்வார்கள். காஸ் சிலிண்டர் விலை ஏறியபோது தோட்டத்துப் பெண்கள் எதைக் கொண்டு உலை வைத்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. தலைச்சுமையாக விறகு சுமந்து வருகிற தாயிடம் போய், எறும்புக்காக அதை இறக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் தேடுவது காய்ந்து முறிகிற விறகை. எறும்பு இருப்பது கையில் எடுத்தால் பொடியாகிற, எரியாத, ஈரக் கட்டையில். இருவருக்கும் சண்டை இல்லை. சண்டை புல்டோசரோடுதான்.

இனி உங்களிடம் சில கோரிக்கைகள். முதலாவது எச்சரிக்கை. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கே போத்தலைத் தூக்கிக்கொண்டு கிலிமலேக் காட்டுக்குப் போகாதீர்கள். பாதுகாக்கப்பட்ட காட்டில் அனுமதியின்றி ஒரு பூச்சியை எடுத்தாலும் குற்றம். 2024இல் யால தேசியப் பூங்காவில் பூச்சிகளைப் பிடித்த வெளிநாட்டவர் இருவருக்கு நீதிமன்றம் ஆறு கோடி ரூபாய் தண்டம் விதித்தது. சட்டம் உள்ளூர்க்காரருக்கும் ஒன்றுதான்.

ஆனால் பாடசாலை வளவில், தோட்டத்து ஓரத்தில், உங்கள் சொந்தக் காணியில் சருகைக் கிளறிப் பார்க்க யாரும் தடுக்கப் போவதில்லை. ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு கைவில்லை, ஓர் அப்பியாசக் கொப்பி போதும். கட்டெறும்பு எது, முசுறு எது, தலை கறுத்த பொடி எறும்பு எது என்று முதலில் பிரித்தறியப் பழகுங்கள். தெரிந்ததை எழுதுங்கள், தெரியாததைத் தொலைபேசியில் படம் எடுங்கள், பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கு அனுப்புங்கள். ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் முறையாக அனுமதி பெற்று, உயர்தர மாணவரை ஒரு நாள் காட்டுத் தரையைப் பார்க்கக் கூட்டிப் போங்கள். காட்டில் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டே நடப்பார்கள்; நீங்கள் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெயர் தெரியாத ஒரு சின்னக் காட்டுத் துண்டு இருந்து, அதை வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் இந்த எறும்பின் பெயரையும் குறிப்பிட்டு, வெட்டுவதற்கு முன் சருகைச் சலித்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.